பின்னறைக்கு ஒரு முடுக்கு

பின்னறையை மூடப்போகிறேன் என்று ஜீவமணி அண்ணாச்சி சொன்னபோது மும்தாஜுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வேலை குறைந்துவிட்டது, ஆள் சரியில்லை என்று ஏதாவது சொல்லியிருந்தால்கூட உட்கார்ந்து பேசியிருப்பாள். அவர் சொன்ன காரணம் கம்ப்யூட்டர். அந்த ஆபீஸின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளத்தான் அவளுக்குச் சம்பளம். கம்ப்யூட்டர் கிழடாகிவிட்டது, ஆகவே அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆறு பெண்களையும் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று அவளிடமே சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

தூத்துக்குடித் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற எத்தனையோ கிளியரிங் ஆபீஸ்களில் அண்ணாச்சியுடையதும் ஒன்று. உப்பு, வத்தல், கயிறு, கருப்பட்டி என்று கப்பலேறுகிற எதற்கும் சரக்கைவிடக் காகிதம் கனம். அந்தக் காகிதத்தையெல்லாம் தட்டச்சு செய்து, சரிபார்த்து, அடுக்கிக் கொடுப்பது பின்னறைப் பெண்கள். அதை முன்னறையில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு பட்டனைத் தட்டி கஸ்டம்ஸுக்கு அனுப்புவது ஆண்கள். பட்டன் தட்டியவருக்கு மாலை, பக்கம் பக்கமாகத் தட்டியவளுக்கு முதுகுவலி. இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை.

"நான் என்னம்மா செய்ய. அக்டோபரோட விண்டோஸ் பத்துக்கு சப்போர்ட் கெடையாதாம். பதினொண்ணு இந்த மெஷின்ல ஏறாதாம்," என்றார் அண்ணாச்சி. நாசரேத்துக்காரர். யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர், மறுத்துப் பேசவும் தெரியாதவர். "முன்னறைக்குப் புதுசு போட்டுருதேன். பின்னறைக்கும் போட்டா கட்டுபடியாகாது. டைப்பிங்கை சென்னையில ஒரு கம்பெனிட்ட விட்டுருவோம்னு மாப்பிள்ளை சொல்லுதாரு."

மாப்பிள்ளை டிக்சன் பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். முன்னறைக்கு வரப்போகும் புது மெஷின்கள் எந்தக் கடையிலிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவேண்டிய தேவையும் இல்லை. மாமனார் வீட்டு நெய், மருமகன் கை.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி," என்றாள் மும்தாஜ். "விண்டோஸ்தான் ஏறாது. நான் லினக்ஸ் ஏத்துதேன், அதும் விண்டோஸ் மாதிரிதான், காசு கெடையாது. பின்னறைக்கு அது போதும்."

டிக்சன் சிரித்தார். "அதெல்லாம் காலேஜ் பயலுவ வெளையாடுததும்மா. ஆபீஸுக்குச் சரிப்படாது."

"உங்க கடையில விக்கிற வைஃபை ரவுட்டருக்குள்ள பாதிக்கு மேல அதுதான் சார் ஓடுது."

சிரிப்பு நின்றது. அண்ணாச்சி மருமகனைப் பார்த்தார், மும்தாஜைப் பார்த்தார். இரண்டு பேரையும் சமாதானப்படுத்துகிற ஒரு வாக்கியம் அவருக்கு எப்போதும் கைவசம் இருக்கும். "சரி, ஒரு மாசம் எடுத்துக்கோ. கப்பல் இருக்க ஒரு நாளைக்கு, காலையில இருந்து கெடு முடியுத வரைக்கும் ஓட்டிக் காட்டு. ஓடுச்சுன்னா அறை இருக்கும். நின்னுச்சுன்னா அப்புறம் பேச்சு கெடையாது."

ஆறு பேருக்கும் அவள் அன்றே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மூடி மறைத்து நல்லவளாக இருக்கிற சாமர்த்தியம் அவளுக்குக் கிடையாது. சாத்தான்குளத்துப் பெண் பொன்செல்விதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"லினக்ஸா? பள்ளிக்கூடத்துல கவர்மெண்டு குடுத்த லேப்டாப்புல இருந்துச்சேக்கா. வந்த அன்னைக்கே அதை அழிச்சிட்டு படம் ஏத்துனோம்."

"அப்போ அழிச்ச பாவத்துக்கு இப்போ படி," என்றாள் மும்தாஜ்.

ஏற்றுவதென்று ஆகிவிட்டது. எதை ஏற்றுவது? லினக்ஸ் என்பது ஒன்றா இரண்டா, புடவைக்கடையில் அடுக்கின மாதிரி நூற்றுக்கணக்கில் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் உயிரைக் கொடுக்கிற ஒரு கூட்டமும், எதிர்க்கூட்டத்தைத் திட்டித் தீர்க்கிற ஒரு இணையப் பக்கமும் உண்டு. மும்தாஜின் வீட்டுக்குள்ளேயே அப்படி ஒரு ஆள் இருந்தான். அவள் கணவன் ஹுதைஃபா. சவூதியில், தம்மாமில் ஒரு கம்பெனியின் சர்வர்களை மேய்ப்பவன். காயல்பட்டினத்து வீட்டில் அவள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு போனை எடுத்தால், நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஆர்ச் என்கிற லினக்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான்.

"அடியிலேருந்து நீயே கட்டிக்கலாம் மும்தாஜ். எல்லாம் புத்தம் புதுசா வந்துக்கிட்டே இருக்கும்."

"அதான் மச்சான் எனக்கு வேண்டாம். வந்துக்கிட்டே இருந்தா அதுகள்ல எது எப்ப ஒடையும்னு நான் பாத்துக்கிட்டே இருக்கணும்."

"நீ ரசனை இல்லாதவ."

"ரசனையை நீங்க ஊருக்கு வரும்போது கொண்டு வாங்க. இப்ப எனக்கு ஆறு பேரு வேலை நிக்கணும்."

உபுண்டு என்கிற லினக்ஸைப் போட்டுப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது, ஆனால் பின்னறையின் பழைய மெஷின்கள் அதைத் தூக்கமுடியாமல் மூச்சு வாங்கின. மின்ட் என்ற இன்னொன்று பரவாயில்லை. அதையே வைத்துக்கொள்ளலாமா என்று இருந்தவள், முதலில் செய்யவேண்டியதைக் கடைசியில் செய்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு, உட்கார்ந்து வேலை செய்கிறவர்களிடம் போய்க் கேட்டாள். உங்களுக்கு என்ன வேண்டும்?

வண்ணம் வேண்டும், வேகம் வேண்டும் என்பார்கள் என்று நினைத்தாள். ஒருத்தியும் அதைச் சொல்லவில்லை. "நேத்து இருந்த எடத்துல இன்னைக்கும் இருக்கணும்," என்றாள் பொன்செல்வி. "சேவ் பண்ணுதது ஒருநாள் மேல இருக்கு, ஒருநாள் சைடுல இருக்கு. பாஸ்வேர்டு உங்கட்டகூட இல்லாம டிக்சன் சார் கடையிலதானக்கா இருக்கு. கடைக்குப் போன் போட்டா நாளைக்கு வாரோம்ங்காவ. எழுத்தைப் பெருசாக்கணும்னாக்கூட அவுங்க வந்து பாஸ்வேர்டு போடணும். நாங்க என்ன திருடிட்டா போயிருவோம்?" மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். அவர்கள் கேட்டது இவ்வளவுதான், ஆனால் இவ்வளவையும் இதுவரை ஒருவரும் அவர்களிடம் கேட்டதில்லை.

டெபியன் என்று முடிவாயிற்று. புதுமைக்கு அலையாத, ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் சம்மணம் போட்டு உட்காருகிற, பிடிவாதமான சரக்கு. அதன்மேல் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய முகப்பு. முன்னறையை அவள் தொடவில்லை. கஸ்டம்ஸுக்கு அனுப்புகிற மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். ஓடுகிற ஒன்றை வீம்புக்காக நிறுத்துகிற ஆள் அல்ல அவள்.

பிறகு செதுக்க ஆரம்பித்தாள். தேவையில்லாத விளையாட்டு, பாட்டு, படம் எல்லாவற்றையும் களைந்தாள். அவர்கள் அன்றாடம் தொடுகிற நாலு காரியங்களை மட்டும் பெரிய எழுத்தில், அவர்கள் வாயில் வருகிற பெயரிலேயே திரையில் வைத்தாள். உடன்குடி வியாபாரிகளுக்கான லாரிச் சீட்டைத் தமிழில் அடிக்கவேண்டும். ஆறு பேரில் நாலு பேர் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் பழைய தட்டச்சுப் பலகையில் கை பழகியவர்கள், ஆகவே அந்தப் பலகையின் எழுத்து வரிசையையே கம்ப்யூட்டரிலும் வைத்தாள். எல்லாவற்றையும்விட அவள் உயிரை வாங்கியது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான். மூன்று அடுக்குக் கார்பன் தாளில் அச்சு ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வரி கீழே இறங்கிக்கொண்டே போனது. பத்தாவது தாளில் சரக்கின் எடை, கட்டத்தை விட்டு வெளியே வந்து ஓரத்தில் நின்றது. தாளின் நீளத்தை அவளே அளந்து, அந்த அளவைப் பிரிண்டருக்குப் புரிகிற மொழியில் எழுதிவைத்த பிறகுதான் அது வழிக்கு வந்தது. அன்று மத்தியானம் பின்னறையில் ஆளுக்கொரு மஸ்கோத் அல்வாத் துண்டு கிடைத்தது, மும்தாஜ் செலவில்.

இத்தனையையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டினாள். பென் டிரைவைச் செருகினால் மொத்தமும் மெஷினில் தானாக இறங்கிவிடும். அதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. முடுக்கு என்று வைத்தாள். காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு இடையே குறுகலான முடுக்குகள் உண்டு. பெண்கள் நடக்கிற வழி. ஆண்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போவார்கள், இவர்கள் கதைபேசிக்கொண்டே இந்த முனையில் நுழைந்து ஊரின் அந்த முனையில் போய் நிற்பார்கள். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து, ஐயோ பாவம், பெண்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்களே என்பார்கள். ஒதுக்கினார்களோ இல்லையோ, ஒதுக்கின இடத்தைப் பெண்கள் சொந்தமாக்கிக்கொண்டுவிட்டார்கள் என்பது மும்தாஜின் கட்சி.

இன்னொன்றும் செய்தாள். மெஷின்களில் அவளே முடுக்கை ஏற்றவில்லை. ஆறு பேர் கையிலும் ஆளுக்கொரு பென் டிரைவைக் கொடுத்து, பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அவரவர் மெஷினில் அவரவரையே ஏற்றவைத்தாள். மெஷினில் எதை மாற்றினாலும் கேட்கிற நிர்வாகப் பாஸ்வேர்டையும் அவர்களையே கூடி முடிவுசெய்யச் சொன்னாள். ஆறு பேரும் மூலையில் கூடிக் கிசுகிசுத்துச் சிரித்து ஒன்றை முடிவுபண்ணி, கடைசியில் அவளுக்கும் சொன்னார்கள்.

"அவுங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றான் போனில் ஹுதைஃபா. "நீ ஒருத்தி தெரிஞ்சா போதாதா?"

"எனக்கு மட்டும் தெரிஞ்சா நானும் ஒரு டிக்சன்தான் மச்சான்."

இனி மும்தாஜ் செய்த தப்பைச் சொல்லவேண்டும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். மும்தாஜ் யானை இல்லை, ஆனாலும் சறுக்கல் என்னவோ யானை அளவுக்குத்தான் இருந்தது.

சோதனை நாளுக்கு முந்தின நாள், எல்லா மெஷினிலும் மென்பொருளை ஒருமுறை அப்டேட் செய்து புதுப்பித்துவிடுவோம் என்று நினைத்தாள். பகலில் செய்தால் வேலை கெடும். பின்னறையில் எல்லோரும் போனபின் தானாக நடக்கும்படி ஏழு மணிக்கு வைத்தாள். "மெஷினை அணைக்காமப் போங்க," என்று ஆறு பேரிடமும் சொல்லிவிட்டு, வழக்கம்போல ஐந்தரைக்குக் காயல்பட்டினம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

அந்த ஆபீஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடல் காற்றில் உப்பு ஏறி ஒருதரம் சுவிட்ச் போர்டு தீப்பிடித்ததிலிருந்து, ஆபீஸைப் பூட்டும்போது மெயினையே இறக்கிவிட வேண்டும் என்பது அண்ணாச்சியின் கட்டளை. வாட்ச்மேன் மந்திரமூர்த்தி அதைப் பூஜை மாதிரி தினமும் செய்து வந்தார். மும்தாஜுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். ஆனால் பஸ்ஸுக்காக எப்போதும் எல்லோருக்கும் முன்னால் கிளம்புகிறவள் ஒருநாள்கூட அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காதது நினைவில் நிற்கவில்லை. புதுப்பிப்பு பாதியில் ஓடிக்கொண்டிருக்க, முன்னறை ஆட்களும் கிளம்பியதும் மந்திரமூர்த்தி முன்வாசலைப் பூட்டிவிட்டு வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மெயினை இறக்கினார். கரண்ட் போனால் தாங்குவதற்குப் பின்னறையில் பேட்டரி என்று இருந்தவை செத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுநாள் காலையில் ஆறு திரையும் கறுப்பு. கறுப்பின்மேல் வெள்ளை வெள்ளையாக யாருக்கும் புரியாத இங்கிலீஷ். மும்தாஜுக்குப் புரிந்தது, அதுதான் கொடுமை. மந்திரமூர்த்தியிடம் கேட்டாள். "ஆமாம்மா, தினமும் எறக்குததுதானே," என்றார் அவர். அவரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அண்ணாச்சியும் டிக்சனும் உள்ளே வந்தார்கள். கொழும்புக் கப்பலுக்கு மத்தியானத்துக்குள் காகிதம் போய்ச் சேரவேண்டும். டிக்சன் ஆறு திரைகளையும் ஒவ்வொன்றாக, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டு வந்தார்.

"நான் அப்பவே சொன்னேன் மாமா. பாவம், இவுங்க பொழப்பை நெனச்சாத்தான் சங்கடமா இருக்கு," என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

"எம்மா, போதும்," என்றார் அண்ணாச்சி. குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது, அது இன்னும் மோசம். "நீ பாடுபட்டது எனக்குத் தெரியும். நின்னுபோச்சுல்லா. சொன்னபடி முடிச்சிக்கிடுவோம்."

மும்தாஜ் நிமிர்ந்தாள். "நின்னுபோனது என் தப்பு அண்ணாச்சி. மெயின் எறக்குத நேரத்துல அப்டேட்டை வச்சது நான். அதுக்கு என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. லினக்ஸைச் சொல்லாதீங்க. கெடு மத்தியானம்தானே, இன்னும் முடியலயே."

"முடியுததுக்குள்ள ஆறு மெஷினை நீ ஒருத்தி எப்படிம்மா..." என்று டிக்சன் ஆரம்பித்தார்.

அவர் முடிப்பதற்குள் பொன்செல்வி தன் கைப்பையைத் திறந்தாள். வீட்டுச் சாவிக்கொத்தோடு கோத்து வைத்திருந்த பென் டிரைவை எடுத்து மெஷினில் செருகினாள். பக்கத்தில் இருந்தவள் செருகினாள், அதற்கடுத்தவளும். யாரும் மும்தாஜிடம் என்ன செய்ய என்று கேட்கவில்லை. ஒருத்தி மட்டும் எழுந்து, டிக்சன் நின்றுகொண்டிருந்த வழியில், "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க சார், வயரை மாட்டணும்," என்றாள். அவர் தள்ளிக்கொண்டார்.

கோப்புகள் எல்லாம் நடு அறையில் தனியாக இருக்கும் பொது சர்வரில் பத்திரமாக இருந்தன, மெஷினில் போனது வெறும் ஓடு. அந்த ஓட்டைத்தான் ஆறு பேரும் ஒரே நேரத்தில் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சிக்கு நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. இரண்டாவது டீ வருவதற்குள் பொன்செல்வியின் மெஷினில் வழக்கமான பெரிய எழுத்துகள் வந்து உட்கார்ந்தன. கொஞ்ச நேரத்தில் மூலையிலிருந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தை மும்தாஜ் அதுவரை நாராசம் என்றுதான் சொல்லிவந்தாள். அன்று அதைக் கேட்டதும் அவளுக்குக் கண்ணீர் முட்டிவிட்டது, திரும்பி நின்று முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். கெடுவுக்கு முன்பே காகிதம் முன்னறைக்குப் போயிற்று.

அண்ணாச்சி எழுந்து நின்றார். "அறை இருக்கட்டும்," என்றார். ஆறு பேரும் மூச்சு விட்டார்கள்.

டிக்சன் மாமனாரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அண்ணாச்சி தலையை ஆட்டிவிட்டு, மும்தாஜைப் பார்த்தார். "நல்லதும்மா. ஒண்ணே ஒண்ணு. அந்த அட்மின் பாஸ்வேர்டை மாப்பிள்ளைட்ட குடுத்துரு. பாதுகாப்புக்கு ஒரு பொறுப்பான ஆள்ட்ட இருக்கணும்லா. அப்புறம் இந்த அறையைப் பத்தி யாரும் பேசமாட்டாங்க."

அறை கிடைத்துவிட்டது. வேலை கிடைத்துவிட்டது. ஒரு சொல்லைக் கொடுத்தால் எல்லோருக்கும் நல்ல பிள்ளை. அதைக் கொடுத்தால் பிறகு என்ன நடக்கும் என்பதையும் மும்தாஜ் பார்த்தாள். இன்று பாஸ்வேர்டு போகும். நாளைக்கு எழுத்தைப் பெரிதாக்கக் கடைக்குப் போன் போடவேண்டும். பிறகு ஒருநாள் எல்லா மெஷினும் ஏதோ காரணத்தால் நிற்கும், அன்றைக்குப் பென் டிரைவ் எதுவும் வேலைக்காகாது. பழைய குருடி, கதவைத் திறடி.

"தரமாட்டேன் அண்ணாச்சி," என்றாள்.

அண்ணாச்சிக்கு அவள் சொன்னது சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது. அந்த ஆபீஸில் அவரிடம் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை.

"தரமாட்டேன். அது என்னோடது இல்ல, குடுக்கதுக்கு. ஆறு பேரும் சேந்து வச்சது. எனக்கும் தெரியும், அவ்வளவுதான்."

"அப்போ உன்னை வேலையில வச்சிருக்கது எதுக்கு?" என்றார் டிக்சன்.

"வேண்டாம்னா அனுப்பிருங்க சார். நாளையில இருந்து நான் வரலன்னாலும் இந்த அறை ஓடும். அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டாள். முன்னறையிலிருந்து யாரோ, கொழும்பு பில் ஒரு நகல் வேண்டும், இங்கே மெஷினோடு லேசர் பிரிண்டர் சேராமல் மக்கர் பண்ணுகிறது என்று கத்தினார்கள். வேலை வந்துவிட்டால் அண்ணாச்சி மற்றதை மறந்துவிடுவார். "மாப்பிள்ளை, அந்த லேசர் பிரிண்டரை இந்த மெஷின்லயாவது சேத்து ஒரு காப்பி எடுங்க. சண்டையைப் பொறவு போடலாம்," என்றார்.

டிக்சன் பொன்செல்வியின் நாற்காலியில் உட்கார்ந்தார். கடைக்காரர், பிரிண்டர் சேர்க்கிற இடத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. சேர் என்பதைத் தட்டினார். நடுத்திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்து பாஸ்வேர்டு கேட்டது. டிக்சன் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி மும்தாஜைப் பார்த்தார். மும்தாஜ் பொன்செல்வியைப் பார்த்தாள்.

பின்னாலிருந்து பொன்செல்வி முன்னால் வந்தாள். டிக்சனின் தோளுக்கு மேலே குனிந்து விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விரல்களை எழுத்துகளின்மேல் வைத்தாள், ஆனால் அடிக்கவில்லை.

"சார்," என்றாள், "கொஞ்சம் அங்கன திரும்பிக்கிடுங்க."

ஆறு பெண்களும், மும்தாஜும், மாமனாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிக்சன் நாற்காலியோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.